பவர் ஸ்டியரிங் ஆயில்

மோட்டார் காரின் முன்சக்கரங்களைத் திருப்புவதில் ஓட்டுநரின் கைப்பலத்துக்குத் துணைநிற்கும் திரவம் இது. எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட பம்பு இதனை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்த, ஸ்டியரிங் எந்தத் திசையில் திரும்புகிறதோ அதனை அனுசரித்து ஒரு வால்வு அதற்கு வழிதிறக்க, அந்த அழுத்தமே சக்கரங்களைத் தள்ளித் திருப்புகிறது. பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பகுதியில் பணியாற்றியிருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1920களிலேயே இத்தகைய சாதனத்தை இயக்கிக் காட்டினார். எனினும் கார் வாங்கும் பொதுஜனங்களுக்கு அது கிடைத்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான்.

எஞ்சின் ஆயிலைப் போல இது எரிந்து குறைவதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிவருவதாகையால், அளவு இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது என்றே கொள்ளவேண்டும். ஹோஸ் இணைப்பு, பம்பின் ஆயில் சீல், சக்கரங்களை இருபுறமும் தள்ளும் ஸ்டியரிங் ரேக்கின் இரு முனைகளிலுமுள்ள ரப்பர் உறை ஆகியவை கசிவுக்குப் பிரசித்தமான இடங்கள். இவற்றைப் பாராமல் மாதந்தோறும் ஆயிலை மட்டும் வாங்கி ஊற்றிக்கொண்டிருப்பது வீண் செலவேயன்றிப் பரிகாரமாகாது.

அளவு பார்க்க, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களை நேராக்கி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆயில் இருப்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டேங்காயின், அதன் வெளியே உள்ள கோடுகளே போதும். இல்லையேல் மூடியோடு சேர்ந்த அளவுகோலைத் துடைத்து, மீண்டும் திருகிக் கழற்றிப் பார்க்கவேண்டும். சூட்டில் ஆயில் விரிவதால், அக்கோலில் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் தனித்தனிக் குறிகள் இருப்பதுண்டு. மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் படிந்த புழுதியைத் துணியால் துடைப்பது அவசியம். உள்ளே விழும் மணல் பம்பை அராவிவிடும். கோலிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டால் ஆயிலின் நிலை விளங்கும்: சிவப்போ பச்சையோ தெளிவாக இருந்தால் நன்று, கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் முழுவதையும் மாற்றிவிடுவதே உசிதம்.

எந்த ஆயில் என்பதை மூடியோ கையேடோ கூறும். சில கார்களுக்கு டெக்ஸ்ரான் வகையைச் சேர்ந்த சிவப்பு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி ஆயில். சில ஐரோப்பிய கார்களுக்குப் பச்சை நிறப் பென்டோசின். ஹோண்டாவுக்குத் தனி ஆயில். நிறம் ஒத்திருப்பதாலேயே குணமும் ஒத்திருக்கும் என எண்ணி ஒன்றில் மற்றொன்றைக் கலக்கலாகாது. இந்த டேங்கில் பிரேக் ஆயில் தவறி விழுந்துவிட்டாலோ, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே அனைத்தையும் வெளியேற்றிவிட வேண்டும்.

மேல்கோட்டைத் தாண்டாமல் சிறுகச் சிறுக ஊற்றவேண்டும். டேங்க் வற்றிப்போயிருந்தால் குழாய்களில் காற்று புகுந்திருக்கும். பம்பின் ஊளைச் சத்தமும் ஆயிலில் எழும் நுரையும் அதன் லக்ஷணங்கள். முன்பகுதியை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை இப்புறமும் அப்புறமும் கடைசிவரை நிதானமாகப் பலமுறை திருப்பி, குறைவதை நிரப்பி, பிறகே ஸ்டார்ட் செய்து மறுபடி திருப்பவேண்டும். முழுத் திருப்பத்தில் சில விநாடிகளுக்கு மேல் பிடித்துவைத்தால் ஆயில் அளவுமீறிச் சூடேறும்.

மின்மோட்டாரே உதவிபுரியும் ஸ்டியரிங் 1988-இல் சுஸுகி செர்வோ காரில் வந்து, இன்று சிறிய கார்களில் சாதாரணமாகிவிட்டது. அத்தகைய ஸ்டியரிங் உள்ள கார்களில் இந்த ஆயில் டேங்கே கிடையாது. இதனை அறியாதவர் பானெட்டைத் திறந்து தேடி, கண்ணில் பட்ட பிரேக் டேங்கில் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றிவிடுவாராயின், பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டு, பிரேக்கே பிடிக்காமற்போகும்.