பேல் ஐசி பிறந்த கதை

1970களின் தொடக்கத்தில் மின்னணுக் கருவி வடிவமைப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் இருந்தன. கடையில் கிடைக்கும் ஐசிகளை வாங்கிக் கோக்கலாம். அல்லது தனக்கென்றே ஓர் ஐசியைச் செய்யச் சொல்லி வாங்கலாம். இரண்டாவது வழியில், முதல் ஐசி கைக்கு வருமுன்பே பெரும் பணம் கட்டியாக வேண்டும். லட்சக்கணக்கில் விற்பவருக்குக் கட்டுப்படியாகும். நூறோ ஐந்நூறோ செய்பவருக்கு ஆகாது.

அதனால் சிறிய அளவில் செய்தவர்கள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 7400 வரிசையை நம்பியிருந்தார்கள். 7400 ஐசிக்கு 14 கால்கள். உள்ளே நான்கு நாண்ட் கேட்டுகள். விலை மலிவுதான். ஆனால் ஒவ்வொரு ஐசியும் போர்டில் இடம் கேட்கும், துளை கேட்கும், ஈயப்பற்று கேட்கும், மின்சாரம் கேட்கும். போர்டு தயாரான பிறகு லாஜிக்கில் ஒரு திருத்தம் வந்தால் தடத்தை வெட்டி ஒயர் இழுக்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் ஐசியின் விலைப்பட்டியலில் தெரியாது.

ஜான் பிர்க்னர் இந்தப் பாட்டைப் பட்டவர். கம்ப்யூட்டர் ஆட்டோமேஷன் என்ற மினி கம்ப்யூட்டர் நிறுவனத்தில், 80 சாதாரண லாஜிக் ஐசிகளைக் கோத்து 16 பிட் பிராசசர் ஒன்றை உருவாக்கியிருந்தார். பிறகு கலிஃபோர்னியாவின் மோனோலிதிக் மெமரீஸில் சேர்ந்தார்.

வாங்குபவரே லாஜிக்கை எழுதிக்கொள்ளும் ஐசி அப்போதே சந்தையில் இருந்தது. சிக்னெட்டிக்ஸின் 82எஸ்100, 1975இல் வந்தது. எந்த லாஜிக்கையும் சில ஆண்ட் கேட்டுகளாகப் பிரித்து, அவற்றை ஓர் ஆர் கேட்டில் சேர்த்து எழுதிவிடலாம். அந்த ஐசியில் ஆண்ட் இணைப்புகளையும் மாற்றலாம், ஆர் இணைப்புகளையும் மாற்றலாம். முழுச் சுதந்திரம். அதற்கான விலையும் இருந்தது: 28 கால் கொண்ட அகலமான உறை, கூடுதல் பணம், குறைந்த வேகம். சாதாரண ஐசிகளுக்கு நடுவே அதை வைக்கப் பலருக்கு மனம் வரவில்லை.

பிர்க்னர் அந்தச் சுதந்திரத்தில் பாதியை எடுத்துவிட்டார். ஆண்ட் பக்கம் மட்டும் மாற்றத்தக்கது. ஆர் இணைப்புகள் தொழிற்சாலையிலேயே நிலையானவை. சர்க்யூட்டை வடிவமைத்தவர் எச். டி. சுவா. ஐசி சிறுத்தது, வேகம் கூடியது, 7400 குடும்பத்தைப் போன்ற ஒடுக்கமான 20 கால் உறைக்குள் அடங்கியது. 1978இல் பேல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த வரிசையின் 16எல்8 ஐசிக்குள் 2048 நுண்ணிய உலோக இழைகள்; வேண்டாதவற்றில் மின்னோட்டம் பாய்ச்சி எரித்துவிட்டால் உங்கள் லாஜிக் உள்ளே பதிந்துவிடும். நான்கைந்து சாதாரண ஐசிகளின் வேலையை ஒன்றே பார்த்தது. எதை எரிப்பது என்று கணக்கிட பிர்க்னரே ஃபோர்ட்ரானில் பேலாசம் என்ற நிரலை எழுதினார். அதன் மூல வரிகளை நிறுவனம் பயனர்களுக்கே கொடுத்துவிட்டது. பேல் பரவியதில் அந்தத் தாராளத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

டேட்டா ஜெனரல் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் டாம் வெஸ்ட்டின் குழு, 1980இல் வெளிவந்த எக்ளிப்ஸ் எம்வி/8000 கம்ப்யூட்டரை பேல்களை நம்பியே கட்டியது. துணிச்சலான முடிவு. 7400ஐப் பல நிறுவனங்கள் செய்தன. பேலுக்கு அப்போது மோனோலிதிக்கை விட்டால் ஆளில்லை. அந்த நிறுவனம் தடுக்கினால் கம்ப்யூட்டரும் நின்றிருக்கும்.

1985இல் ராஸ் ஃப்ரீமேனின் சைலிங்க்ஸ் நிறுவனம், எக்ஸ்சி2064 என்ற முதல் எஃப்பிஜிஏவைக் கொண்டுவந்தது. பேலைப் போலவே இதிலும் வாங்குபவரே லாஜிக்கை எழுதிக்கொள்ளலாம். 64 லாஜிக் தொகுதிகள். எரிக்கும் இழைக்குப் பதிலாக நினைவகச் செல்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பி எழுதலாம்.

இன்று நூறு போர்டு செய்யப் போகிறவரும் வெஸ்ட் போட்ட கணக்கைத்தான் போட வேண்டும். வரைபடத்தில் லாஜிக் ஐசிகளை எண்ணுங்கள். மூன்று நான்குதான் என்றால் 74 வரிசையையே வாங்குங்கள். ஒரு நிறுவனம் நிறுத்தினாலும் இன்னொன்றிடம் கிடைக்கும். பத்தைத் தாண்டினாலோ, வாடிக்கையாளர் நாளை மாற்றச் சொல்வார் என்று தோன்றினாலோ, எழுதத்தக்க ஐசிக்குப் போங்கள். போகுமுன் அதே கால் அமைப்பில் மாற்று ஐசி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த சில ஆண்டுகளுக்குத் தேவையானதை இப்போதே வாங்கிவையுங்கள்.