வெயில் (திரைப்படம்)

2006 டிசம்பரில் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன் தம் ஊரையே களமாக்கி எழுதி இயக்கினார். இயக்குநர் ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் தயாரித்தது. பசுபதி, பரத், பாவனா, பிரியங்கா நாயர், ஸ்ரேயா ரெட்டி, ஜி. எம். குமார் நடித்தனர். ஜி. வி. பிரகாஷ்குமார் இசையமைப்பாளராக அறிமுகமான படம் இது.

பள்ளிக்கு மட்டம்போட்டு எம்.ஜி.ஆர். படம் பார்க்கப்போன சிறுவன் முருகேசனைத் தந்தை வெயிலில் கட்டிப்போட்டுத் தண்டிக்கிறார். வீட்டைவிட்டு ஓடியவன் வேற்றூர்த் திரையரங்கில் படம் ஓட்டுபவனாக வளர்கிறான். காதலியையும் திரையரங்கையும் இழந்து, ஆண்டுகள் பல கழித்து வெறுங்கையுடன் வீடு திரும்புகிறான்.

முருகேசன் எந்த உயரத்தையும் தொடாதவன். தோற்றவனை நாயகனாக்கிய துணிவே இப்படத்தின் தனிச்சிறப்பு. தம்பியின் பாசத்துக்கும் தந்தையின் வெறுப்புக்கும் நடுவே கூனிக் குறுகி நிற்கும் முருகேசனாக வரும் பசுபதியின் நடிப்பு தமிழ்த் திரையின் மிகச்சிறந்தவற்றுள் வைக்கத்தக்கது.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற இப்படம், 2007இல் கான் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது.