வாவிக்கரையில் வேரூன்றியோர்
மட்டக்களப்பும் கடல்கடந்து வந்த மிஷனரிமாரும்

மிஷனரிமார் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் எதனைக் கொண்டுவந்தனர் என்பதையே ஆராய்வர். பாடசாலை, அச்சியந்திரம், மருத்துவமனை, மதமாற்றம் என அவ்வாராய்ச்சி விரியும். வந்தவர்கள் இம்மண்ணில் எதனைப் பெற்றனர் என்னும் வினா அருகியே எழுப்பப்பட்டுள்ளது. மட்டக்களப்பைப் பொறுத்தவரை இவ்வினா தனிச் சுவையுடையது. ஏனெனில் இங்கு ஒருவன் யார் என்பதைத் தாய்வழிக் குடியே நிருணயிக்கின்றது. தாயின் குடி பிள்ளைக்கு. மணமுடித்தவன் பெண்வீட்டிற் சென்று வாழ்வான். தாயையும் விட்டு, மனைவியும் இன்றி வந்த ஓர் அந்நியனுக்கு இவ்வமைப்பில் இடமேது?

மெதடிஸ்தருள் முதலில் வந்தவர் வண. வில்லியம் ஓல்ட். கலாநிதி தோமஸ் கோக் தலைமையில் 1813 டிசெம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மெதடிஸ்த மிஷனரிமார் அறுவருள் அவரும் ஒருவர். அக்கடற்பயணத்திலேயே அவர் தம் மனைவியை இழந்தார். 1814 மே மாதத்தில் கோக் அவர்களும் கப்பலிலேயே காலமானார். ஜூன் இறுதியிற் காலியில் இறங்கியோர் வெவ்வேறு திசைகளிற் பிரிந்தபோது, மட்டக்களப்பு ஓல்டின் பங்காயிற்று. துணையின்றி வந்த அவர் ஏறத்தாழ எட்டு மாத காலத்தில் எட்டுப் பாடசாலைகளை ஆரம்பித்தார் என மெதடிஸ்த வரலாறு கூறும். 1815 ஏப்ரல் 1இல் நோயுற்று இறந்தார். ஓராண்டுதானும் நிறையாத வாழ்வு. ஆயினும், இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐயே தன் தொடக்கமாகக் கொள்கின்றது. புளியந்தீவின் வாயிலருகே அவருக்குச் சிலையும் உண்டு. உறவு கொள்ள அவகாசமில்லாது மறைந்தவரை ஊர் பின்னர் தன்னவராக்கிக் கொண்டது எனலாம்.

கத்தோலிக்கப் பணியின் போக்கு வேறு. புனித மிக்கேல் கல்லூரியைக் கட்டியெழுப்பிய இயேசு சபைப் பிரெஞ்சுக் குருவானவர் பொனெல் நெடுங்காலம் இங்கு தங்கினார். அவர்தம் காலத்தில் அங்கு பயின்றவருள் ஒருவரே பின்னாளில் சுவாமி விபுலானந்தரானார். மிஷன் கல்வியிற் பயன்பெற்ற அவரே இராமகிருஷ்ண மிஷன் வழியாக 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவக் காரணராயினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மிஷன் பாடசாலைகளின் நோக்கம் கல்வி மட்டுமன்று என்பதை ஊரார் அறியாதிருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின் பிரெஞ்சுக் குருமாரின் இடத்துக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையினர் வந்தனர். பிதா ஹரோல்ட் வெபர் மாணவரை மைதானத்திற் கவர்ந்தார். அவர் பெயராலேயே நகரின் விளையாட்டரங்கு இன்றும் வழங்குகின்றது. பிதா யூஜின் ஹேபியர் கூடைப்பந்தாட்டத்தைக் கற்பித்தார். பிதா பெஞ்சமின் ஹென்றி மில்லர் 1948இல், இருபத்துமூன்று வயதளவில் வந்து, ஆசிரியராகவும் பின்னர் கல்லூரித் தலைவராகவும் பணியாற்றினார். குடிவழியில் இடமில்லாத இவர்களுக்குக் கல்லூரியே குடியாயிற்று. விளையாட்டிற் பயிற்றப்பட்ட சிறுவன் தந்தையாகித் தன் மகனையும் அதே ‘ஃபாதரிடம்’ அனுப்பினான். இவ்வாறு தலைமுறை தொடர்ந்த உறவைச் சடங்குரீதியான உறவு என ஒதுக்குவது பொருந்தாது.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் மிஷன் பாடசாலைகள் பல அரசின் வசமாயின. பணிக்கெனவே வந்தோராயின் அப்பொழுதே கப்பலேறியிருக்கலாம். பலர் ஏறவில்லை. அவர்களைப் பிணித்தது நிறுவனம் மட்டுமன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

அவ்வாறு தங்கியதன் விலை உள்நாட்டுப் போரிற் புலனாயிற்று. 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய பிதா ஹேபியரும் அவருடன் சென்ற தமிழ் இளைஞனும் வழியிற் காணாமற்போயினர். அமெரிக்கக் கடவுச்சீட்டு அவரைக் காக்கவில்லை. அக்காலத்தில் இப்பிரதேசத்தின் எண்ணற்ற தாய்மாருக்கு நேர்ந்ததே, நாற்பதாண்டு உடன்வாழ்ந்த அவருடைய தோழருக்கும் நேர்ந்தது: சடலமில்லை, கல்லறையில்லை, விடையுமில்லை.

அத்தோழராகிய மில்லர், மட்டக்களப்புச் சமாதானக் குழுவினருடன் சேர்ந்து, காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்டுப் பதிந்துவந்தார். முகாம் வாயில்களிலும் வினவிநின்றார். பிள்ளையைத் தேடிய தாய் அவர் முன் அமர்ந்தபோது, இழப்பின் மொழியை அவர் பிறரிடம் கற்க வேண்டியிருக்கவில்லை.

போர் முடிந்த 2009இல், முதுமையின் பொருட்டு அவர் நியூ ஓர்லியன்ஸுக்குத் திரும்பினார். பிறந்த நகர்; ஆயினும் அறுபதாண்டுகளில் அந்நியமாகிவிட்ட நகர். அங்கு அவர் நிலைத்திருக்கவில்லை. பின்னர் மட்டக்களப்புக்கே மீண்டு வந்து, மேலும் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் வாழ்ந்து, 2018 முடிந்து 2019 பிறக்கும் தறுவாயில், தம் 93ஆம் வயதில் இங்கேயே காலமானார்.