மூங்கிலுக்குள் இருந்த எலி

எலியை ஒழிக்க மனிதன் செய்து பார்க்காத உபாயம் இல்லை. பூனை வளர்த்தான், பொறி வைத்தான், பாஷாணம் கலந்த உருண்டையை மூலைக்கு மூலை போட்டு வைத்தான். இவையெல்லாம் எலியோடு நடத்திய சண்டைகள். எலியை விட்டுவிட்டு, அது குடியிருந்த வீட்டோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு. டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஜாவாத் தீவில், முப்பது வருஷ காலத்துக்குள் பதினைந்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகளை எலிக்காகவே பிரித்துத் திருத்திக் கட்டினார்கள். இதற்கு ஈடான இன்னொரு கதையை நான் படித்ததில்லை.

1910-ல் ஜாவாவில் விளைச்சல் பொய்த்தது. பர்மாவிலிருந்து அரிசி தருவித்தார்கள். அது சுரபாயா துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி, மலைப்பாங்கான மலாங் பிரதேசத்துக் கிடங்குகளுக்குப் போயிற்று. மறு வருஷமே, 1911-ல், மலாங்கில் பிளேக் தலைகாட்டியது. அரிசி மூட்டைகளோடு எலியும், எலியோடு தெள்ளுப்பூச்சியும், பூச்சியோடு நோயும் வந்திறங்கியதாக அதிகாரிகள் முடிவு கட்டினார்கள்.

தெள்ளுப்பூச்சியின் பங்கு அதற்குள் தெரிந்துவிட்ட சங்கதிதான். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியதை ஒட்டி நம் தேசத்துக்கு வந்து ஆராய்ந்த பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர், 1898-ல் அதைக் கண்டு சொன்னார். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் பூச்சி அதைவிட்டு இறங்கி, சூடான வேறொரு உடம்பைத் தேடுகிறது. பக்கத்தில் மனிதன் படுத்திருந்தால் அவன் கதி அதோகதிதான்.

ஜாவாவில் மனிதன் மிகவும் பக்கத்தில் படுத்திருந்தான். அந்த ஊர்க் குடியானவன் வீட்டில் தூண் மூங்கில், சுவர் மூங்கில் தட்டி, கூரைச் சட்டம் மூங்கில், படுக்கும் கட்டிலும் மூங்கில். மூங்கிலோ உள்ளே வெற்றிடம். வெட்டிய முனை திறந்திருந்தால் வாசல் வைத்துக் கட்டிய வீடு மாதிரி. மூடியிருந்தாலும் எலியின் பல்லுக்கு அது ஒரு பொருட்டல்ல. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணும் எரவாணமும் நெற்குதிரின் அடிப்பக்கமும் எலிக்கு எப்படியோ, அங்கே மூங்கில் அப்படி. ஃபான் லோகெம் என்ற டச்சு வைத்தியர் மலாங்கில் இதைத் துருவி ஆராய்ந்தார். மூங்கிலைப் பிளந்து, உள்ளே எலி கட்டிய கூட்டைக் காட்டும் புகைப்படங்களை அதிகாரிகள் எடுத்து வைத்தார்கள். தலைமாட்டுக் கட்டையிலேயே எலி குடித்தனம் நடத்த, அதன்மேல் மனிதன் தலைவைத்துத் தூங்கியிருக்கிறான்!

ஆகவே வீட்டை மாற்றுவது என்று சர்க்கார் தீர்மானித்தது. கீற்றும் புல்லும் வேய்ந்த கூரை போய் ஓடு வந்தது. மூங்கில் போய் மரச் சட்டம் வந்தது. மூங்கிலை விட்டுவைத்த இடங்களில் அதன் முனைகளை அடைத்தார்கள். எலி ஒளிய இரட்டைத் தட்டோ, வெளிச்சம் படாத மூலையோ இருக்கக் கூடாது. திருத்திக் கட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. அவ்வப்போது அதிகாரி வந்து வீட்டைச் சோதிப்பார்.

யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. பொறியில் இன்றைக்கு ஓர் எலி விழுந்தால், நாளைக்கு அந்த இடத்துக்கு இன்னோர் எலி வந்துவிடும். இடத்தையே இல்லாமல் செய்வதுதான் நிரந்தரமான வழி. ஆனால் இந்தச் சரித்திரத்தில் என் மனம் போய் நிற்பது வேறொரு கேள்வியில்: செலவு யாருடையது?

மூங்கில் கொல்லைப்புறத்தில் சும்மா வளர்வது. நாலு பேர் கூடினால் வீடு எழும்பிவிடும். ஓட்டையும் மரத்தையும் காசு கொடுத்தல்லவா வாங்கவேண்டும்? சர்க்கார் முன்பணம் கொடுத்தது. பிறகு தவணை தவணையாக அதைத் திருப்பி வசூலித்தது. வீடு கேட்காதவன் தலையில் வீட்டுக் கடன்! அது மட்டுமா? நோய் கண்ட வீட்டாரை வெளியேற்றிக் கொட்டகையில் வைத்தார்கள். செத்தவன் பிளேக்கில்தான் செத்தானா என்று பார்க்கப் பிணத்தின் வயிற்றில் ஊசி குத்திச் சோதித்தார்கள். ஜனங்கள் நோய்க்குப் பயந்ததைவிட நோய் தீர்க்க வந்தவர்களுக்குப் பயந்ததில் ஆச்சரியம் என்ன?

அந்த ஜனங்களோடு நின்றவர் சிப்தோ மங்குன்குசுமோ என்ற ஜாவானிய வைத்தியர். தாமாக முன்வந்து மலாங் கிராமங்களில் பணி செய்தார். பிளேக்கில் குடும்பத்தையே பறிகொடுத்த ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார். அவருடைய சேவையை மெச்சி டச்சு சர்க்கார் விருது அளித்தது. பின்னால் அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடிமைத்தனத்தையும் ஒரு கொள்ளைநோயாகவே கருதியவர் போலும். 1913-ல் அவரை நாடு கடத்தினார்கள்.

இவ்வளவுக்கும் பலன் என்ன? மலாங்கில் நோய் தணிந்தது. ஆனால் அது மேற்கே நகர்ந்து மத்திய ஜாவாவுக்கும், பிறகு மேற்கு ஜாவாவுக்கும் போயிற்று. 1934-ல் ஒரே வருஷத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தச் சமயத்தில் லூயி ஓட்டன் என்ற டச்சு வைத்தியர் தயாரித்த தடுப்பு மருந்தை லட்சக்கணக்கானவர்களுக்குக் குத்திய பிறகுதான் சாவு மளமளவென்று குறைந்தது. மொத்தத்தில் மாண்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். வீட்டைத் திருத்தியதற்கு எவ்வளவு பங்கு, ஊசிக்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் விவாதிக்கட்டும். கடனைத் தவணை கட்டித் தீர்த்த குடியானவனை அந்த விவாதத்துக்கு யாரும் அழைக்கவில்லை.

பழைய வீட்டில் எலித் தொல்லை என்றால் நாம் முதலில் கடைக்குப் போய் விஷம் வாங்குகிறோம். ஜாவாக் கதை நம்மை முதலில் வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறது. எந்தப் பொந்து திறந்திருக்கிறது, எந்தத் தானியம் மூடாமல் கிடக்கிறது, எந்தப் பரணில் பத்து வருஷமாகக் கை படவில்லை என்று பார்த்து அடைத்தால், பாதி எலி தானே போய்விடும். அதே கதை சொல்லும் இன்னொரு நியாயமும் உண்டு. பிறத்தியான் வீட்டுப் பொந்தை அடைக்கப் புறப்படுகிறவன், முதலில் அந்த வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்கவேண்டும். கணக்குச் சீட்டை அவன் கையில் திணிக்கவும் கூடாது.