குடிச்சிருந்தான்னு எழுதாதீங்க

2018. சிதம்பரத்துல கடைசி வருஷ இன்ஜினியரிங். ராத்திரி பதினோரு மணிக்கு ரூம்மேட்டுக்கு ஒரு போன். கடலூர் ரோட்டுல ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்துல, சைக்கிள்ல வீட்டுக்குத் திரும்பிட்டிருந்த அவங்கப்பாவை ஒரு லோடு வேன் அடிச்சிருச்சு. டிரைவர் நிக்கக்கூட முடியாத போதையில இருந்தானாம். நாங்க நாலு பேர் கடலூர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது.

மறுநாள் புகார் எழுதணும். நண்பனோட சித்தப்பா என்னைத் தனியா கூப்பிட்டார். "தம்பி, நீயே எழுது, உனக்குக் கையெழுத்து நல்லாருக்கும். ஆனா குடிச்சிருந்தான்னு மட்டும் எழுதாத. எழுதினா இன்சூரன்ஸ்காரன் அஞ்சு பைசா தரமாட்டான்."

எழுதினேன். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". அவ்வளவுதான். டிரைவருக்கு ரத்தப் பரிசோதனை எடுங்கன்னு யாரும் வற்புறுத்தவும் இல்ல.

சித்தப்பா சொன்னது சரியான்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. பொட்டி தட்டுற வேலைக்கு நடுவுல கிடைச்சதெல்லாம் படிச்சதுல புரிஞ்சதை இங்க எழுதறேன். வக்கீல் நண்பர்கள் தப்பிருந்தா திருத்துங்க.

கதை 1808-ல இங்கிலாந்துல ஆரம்பிக்குது. ஒரு ஆளோட சாவுக்காக சிவில் கோர்ட்டுல நஷ்டஈடு கேக்க முடியாதுன்னு பேக்கர் எதிர் போல்டன் வழக்குல தீர்ப்பாச்சு. காலை உடைச்சா காசு தரணும், ஆளையே கொன்னுட்டா தரவேண்டாம்! ரயில் வந்து ஜனங்க அடிபட்டுச் சாக ஆரம்பிச்சதும்தான் 1846-ல அங்க சட்டத்தை மாத்தினாங்க. அதோட நகல் 1855-ல நமக்கும் வந்துச்சு, மரண விபத்துச் சட்டம்னு. ஆனா நஷ்டஈடு கேக்கணும்னா சிவில் வழக்கு போடணும், கேக்கற தொகைக்கு ஏத்த மாதிரி கோர்ட் ஃபீஸ் கட்டணும். புருஷனை இழந்த ஒரு கூலிக்காரப் பொம்பளை எங்க போவா?

குடிச்சிட்டு ஓட்டி முதன்முதலா மாட்டினவர் ஜார்ஜ் ஸ்மித்ங்கற லண்டன் டாக்ஸி டிரைவர்னு சொல்வாங்க. 1897-ல ஒரு கட்டடத்துல கொண்டுபோய் இடிச்சார், 25 ஷில்லிங் அபராதம். அபராதம் கஜானாவுக்குப் போற காசு. அடிபட்டவன் வீட்டுக்கு அதுல ஒரு பைசா வராது. இப்பவும் நம்ம பேப்பர்ல "குடிபோதை டிரைவருக்கு 10,000 அபராதம்"னு படிக்கும்போது இது ஞாபகம் வரும்.

நிஜமான மாற்றம் 1939 மோட்டார் வாகனச் சட்டம். அதுலதான் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்னு வந்துச்சு, அந்தப் பகுதி 1946 ஜூலையில அமலாச்சு. இங்கதான் சித்தப்பாவோட சந்தேகத்துக்குப் பதில் இருக்கு. பாலிசிங்கறது வண்டி ஓனரும் கம்பெனியும் போட்ட ஒப்பந்தம். ரோட்டுல செத்தவன் அதுல கையெழுத்து போடல. அதனால ஓனர் பண்ற தப்பையெல்லாம் காட்டி கம்பெனி நழுவிடக்கூடாதுன்னு, எந்தெந்தக் காரணத்தைச் சொல்லலாம்னு சட்டமே ஒரு சின்ன லிஸ்ட் கொடுத்துச்சு. லைசென்ஸ் இல்லாதது, ரேஸ் ஓட்டினது, பர்மிட் இல்லாம வாடகைக்கு விட்டது, இப்படி. போதை அந்த லிஸ்ட்ல இல்ல. 1988-ல புதுச் சட்டம் வந்தப்பவும் சேர்க்கல.

அதாவது 2018-ல சித்தப்பா சொன்னது தப்பு.

அவரைக் குத்தம் சொல்லவும் முடியல. குடிச்சிட்டு ஓட்டினா சொந்த வண்டி ரிப்பேருக்குக் காசு வராதுங்கறது உண்மை. 2007-ல டெல்லி இந்தியா கேட் பக்கத்துல நொறுங்கின ஒரு போர்ஷே கார் வழக்குல, கம்பெனி தரவேண்டாம்னு உச்ச நீதிமன்றமே 2021-ல சொல்லிருச்சு. ஊர்ல இந்த ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. கார்க்காரனுக்குக் கிடைக்காதுங்கறது, கார்ல அடிபட்டவனுக்கும் கிடைக்காதுன்னு ஆயிடுது.

1956 திருத்தத்துலதான் விபத்துக்குன்னு தனித் தீர்ப்பாயம் வர வழி பொறந்துச்சு. 1982-ல தப்பு யார் மேலன்னு பாக்காமலே சாவுக்கு 15,000 ரூபாய்னு வந்துச்சு. மனு போட இருந்த கெடுவை 1994-ல எடுத்தே விட்டாங்க. அடிபட்ட குடும்பம் எந்த ஊர்ல குடியிருக்கோ அங்கயே வழக்கு போடலாம்னும் அப்பதான் வந்துச்சு. எங்க பக்கத்துக்கு இது பெரிய விஷயம். ஏன்னா ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா கன்னியக்கோயில், அது பாண்டிச்சேரி.

1948 அக்டோபர் 2-ல மெட்ராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. ஆனா பாண்டி அப்போ பிரெஞ்சுக்காரன் கையில. அப்புறம் அவன் போனான், இங்க கடை தொறந்தாங்க, மூடினாங்க, 1983-ல டாஸ்மாக் கம்பெனி வந்துச்சு, 2003-ல சில்லறைக் கடையும் அதே நடத்த ஆரம்பிச்சது. எத்தனை மாறினாலும் "பாண்டி வரைக்கும் போயிட்டு வரேன்"னு கடலூர்ல ஒருத்தர் சொன்னா அர்த்தம் மாறல. போறது பிரச்சனை இல்ல, வரும்போதுதான். நெடுஞ்சாலையிலேருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர்ல சொன்னது, வக்கீல் கே.பாலு சம்பந்தப்பட்ட தமிழ்நாட்டு வழக்குலதான்.

திரும்ப நண்பன் கதைக்கு வரேன். தீர்ப்பாயத்துல ஒரு உயிருக்குக் கணக்கு எப்படின்னு அப்பதான் பார்த்தேன். மாச வருமானத்தோட எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டு. அவர் தனக்குச் செலவழிச்சிருப்பார்னு மூணுல ஒரு பங்கு கழி. வருஷக் கணக்காக்கு. வயசு 48, அதனால 13-ஆல பெருக்கு. ஈமச்சடங்குக்கு 15,000. நாலு வரி கோடு எழுதினா முடிஞ்சது. அம்மா பெஞ்சுல உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க.

கம்பெனி வக்கீல் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சைக்கிள்ல லைட் இருந்துச்சா? இல்ல. செத்தவர் மேலயும் தப்பு இருக்குன்னு 20 சதவீதம் கழிச்சிட்டாங்க. டிரைவர் போதையில இருந்தான்னு ஒரு ரத்த ரிப்போர்ட் இருந்திருந்தா எங்க வக்கீலுக்கு வாதாட ஒரு பிடி கிடைச்சிருக்கும். எதைச் சொன்னா காசு போயிடும்னு பயந்தோமோ, அதைச் சொல்லாததாலதான் காசு போச்சு.

இப்ப ஒரு சிக்கல். 2019 திருத்தம் அந்த லிஸ்ட்ல போதையையும் சேர்த்திருச்சு, 2022 ஏப்ரல் 1-லேருந்து அமல். சித்தப்பாவோட வதந்தி பாதி சட்டமாவே ஆன மாதிரி! கம்பெனி முதல்ல குடும்பத்துக்குக் கொடுக்கட்டும், அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கேரள உயர் நீதிமன்றம் 2023-லயும் சென்னை உயர் நீதிமன்றம் 2025-லயும் சொல்லிருக்கு. ஆனா ரெண்டுமே 2022-க்கு முன்னாடி நடந்த விபத்து. புதுச் சட்டத்துல நடக்கற வழக்குல கம்பெனிக்காரங்க இந்த வரியைப் பிடிச்சுத் தொங்காம இருக்கமாட்டாங்க. ஆறு மாசக் கெடுவும் அதே திருத்தத்துல திரும்பி வந்துச்சு. கெடு தாண்டிருச்சுன்னு மட்டும் மனுவைத் தள்ளாதீங்கன்னு 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. குடிக்கற டிரைவரை அடக்கறதா சொன்ன அதே திருத்தத்துல, அவன் அடிச்ச ஆளோட பொண்டாட்டிக்கு வேலையை ஏன் அதிகமாக்கணும்னு எனக்கு இன்னும் புரியல.

நண்பன் வீட்டுக்குக் காசு வர நாலு வருஷம் ஆச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு ஆச்சு. போன பொங்கலுக்குப் போயிருந்தப்ப, பீரோவுலேருந்து தீர்ப்பு நகலை எடுத்து அம்மா எங்கிட்ட கொடுத்தாங்க. "அவன் குடிச்சிருந்தான்னு இதுல எங்கயாவது இருக்கா, பாரு தம்பி"ன்னாங்க.

பதினோரு பக்கம். முழுசா படிச்சேன். முதல் பக்கத்துலயே என் வரி இருந்தது. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.