ஏலமும் கோடரியும்

குரங்கணி மலைச்சரிவுகளில் விளையும் ஏலமும், போடிநாயக்கனூரில் அதனை விலை கூறி விற்கும் ஏலமும் ஒலியால் ஒன்று, பிறப்பால் வேறு. பின்னது போர்த்துகீசியர் வழி வந்தது. அவர்தம் சொல்லும் ‘அறிவித்தல்’ எனப் பொருள்படும் ‘இஃலாம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து கிளைத்தது என்பர்.

ஏலம் என்றதும் மதீனாவில் நடந்த ஓர் ஏலம் நம் நினைவுக்கு வருகிறது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, அபூதாவூதில் இடம்பெற்ற வரலாறு அது. அன்சாரிகளுள் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி நாடி வந்தார். வீட்டில் என்ன உண்டு என்று அண்ணலார் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரிக்கும் முரட்டுத் துணியொன்று, நீர் பருகும் கிண்ணமொன்று, அவ்வளவே. அவற்றை வரவழைத்துத் தம் கையிலேந்தி ஏலம் கூறினார்கள். ஒரு திர்ஹத்தில் தொடங்கிய விலை இரண்டு திர்ஹத்தில் முடிந்தது. ஒன்றில் வீட்டாருக்கு உணவு, மற்றொன்றில் கோடரி. அக்கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பூட்டி, விறகு வெட்டி விற்று, 15 நாள் கழித்து வருமாறு பணித்தார்கள். அவர் பத்துத் திர்ஹம் ஈட்டித் திரும்பினார்.

இதில் நான்கு படிகள் உள்ளன: நிலையறிதல், பசிக்கு உணவு, கைக்குக் கருவி, தவணை குறித்து மீண்டும் காணல். வேலையற்றோர்க்கு உதவிய அரசுகள் இவற்றுள் எவற்றைச் செய்தன?

பிரிட்டன் 1909-இல் வேலைவாய்ப்பு நிலையங்களுக்குச் சட்டம் இயற்றிற்று. 1911-இல் காப்புறுதிச் சட்டம் வந்தது. 1913 முதல் வாரம் 7 ஷில்லிங், ஆண்டில் 15 வாரம்வரை வழங்கப்பட்டது. தொகை கேட்பவர் அதே நிலையத்தில் வேலைக்கும் பதிந்துகொண்டார். உணவும் வேலைக்கான வழியும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன.

நம் நாட்டில் 1945-இல், போர் முடிந்து விடுவிக்கப்பட்ட வீரர்களை வேலையில் அமர்த்தவே இத்தகைய அலுவலகங்கள் தோன்றின. 1948-இல் அனைவருக்கும் திறக்கப்பட்டன. தமிழக அரசின் உதவித்தொகைத் திட்டமோ, பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்தவருக்கு மூன்றாண்டு தொகை தருவது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 என வகுக்கப்பட்டது. 300 ரூபாய் என்றால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய். அஃது அடுப்புக்கே போதாது. கருவிக்கு எங்கே மிஞ்சும்?

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்ட 15 நாளுக்குள் வேலை தர வேண்டும், தவறினால் படி தர வேண்டும் என்று விதித்தது. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்கும், அதன்பின் அரைப் பங்குக்கும் அப்படி குறையலாகாது. மதீனாவில் தவணை கேட்டவர்மீது விதிக்கப்பட்டது. இங்கே கொடுப்பவர்மீது விதிக்கப்பட்டது. இஃது ஏற்றமான ஏற்பாடே. எனினும், வேலையைப் பகிர்ந்தளித்த அளவுக்கு அது தொழிலைக் கற்பிக்கவில்லை.

குரங்கணிச் சரிவுகளில் காய் எடுப்பு ஆண்டு முழுவதும் நிகழ்வதன்று. கோடையில் அது ஓய்ந்துவிடும். அந்த ஓய்வு மாதங்களில் கூலிக் குடும்பத்திற்கு இரண்டு திர்ஹமும் தேவை. உணவுக்குரிய ஒன்றை மட்டும் தந்தால் அடுத்த கோடையிலும் அவர் கையேந்துவார். கருவிக்குரிய ஒன்றை மட்டும் தந்தால் பசி தாளாமல் அதனையே விற்றுவிடுவார். இரண்டையும் தந்து, தொழில் பழக்கி, குறித்த நாளில் அவரை அழைத்து நிலை கேட்பதே முழு உதவி.

கோடரி வாங்கப் பணம் தந்தவர் பலர் இருக்கலாம். அதற்குக் காம்பு பூட்டித் தரும் கைகளே இன்று அரியன. நம் அறநிலையங்களும் ஜமாஅத்துகளும் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளன.