உட்சமநிலை

வெளியே வெயிலோ மழையோ, வயிற்றில் விருந்தோ பட்டினியோ, எதுவானாலும் உடலுக்குள் வெப்பம், நீர், உப்பு, சர்க்கரை, அமிலம் ஆகியவை ஒரு குறுகிய எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப்படுகின்றன. இந்தச் செயலுக்கு உட்சமநிலை என்று பெயர். மருத்துவ வட்டாரத்தில் ஹோமியோஸ்டாசிஸ் என்பார்கள். இதற்கு அடித்தளம் இட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு மொழியில் மருத்துவம் கற்பித்த தமிழூர் புதுச்சேரி. ஆனால் அவர் வழிவந்த பாடநூல் ஒன்று தமிழுக்கு வந்து சேர்ந்தது யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து.

சமநிலை என்றதும் அசையாத தராசுமுள் நினைவுக்கு வரும். உண்மை வேறு. புதுச்சேரி நகரின் வடக்கே, முத்தியால்பேட்டை சோலை நகர்க் கடற்கரையில் சித்திரை வெயிலில் வலை இழுப்பவரைப் பாருங்கள். சட்டை முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருக்கும். தசைகள் உண்டாக்கும் சூட்டை இரத்தம் தோலுக்கு ஏந்தி வருகிறது. வியர்வை ஆவியாகும்போது அந்தச் சூடு வெளியேறுகிறது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும். சொட்டும் வியர்வை குளிர்விக்காது. உடலோ விடாமல் மேலும் வியர்க்கிறது. நீர் குறைந்து இரத்தத்தில் உப்பின் செறிவு சற்றே ஏறியதும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் அதை உணர்கிறது. தாகம் எடுக்கிறது. பிட்யூட்டரி சுரப்பி வழியே சிறுநீரகத்துக்குத் தகவல் போகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விடும் சிறுநீரகம், அன்று அதையும் சுருக்கிக்கொள்கிறது. சிறுநீர் அடர்மஞ்சளாவது அதனால்தான். இதயம் வேகம் கூட்டி இரத்த அழுத்தத்தைத் தாங்குகிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றி, இரத்தத்தின் பிஎச் மதிப்பு 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க உதவுகிறது. பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கும் உறுப்பு மண்டலங்கள் எல்லாம் இந்த ஒரே மனிதருக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

அவரைக் கேட்டால் ‘உடம்புச் சூடு’ என்பார். தெர்மாமீட்டர் வைத்தால் பெரும்பாலும் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே காட்டும். நம் ஊர்ச் ‘சூடு’ பாகையில் அளக்கும் வெப்பம் அன்று. நீர்க்கடுப்பு, கண்ணெரிச்சல், வாய்ப்புண் எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டும் பழைய சொல் அது. அதன் வேர் சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றக் கொள்கையில் இருக்கிறது. அவை மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்ற எண்ணம் திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ வரை பின்னே செல்கிறது. இதைக் காட்டி, உட்சமநிலையைத் தமிழர் அன்றே கண்டுபிடித்துவிட்டனர் என்று மேடையில் முழங்குவது மிகை. முக்குற்றச் சமநிலை நாடி பார்த்தும் உணவை மாற்றியும் காக்கப்படுவது. உட்சமநிலை அளந்து காட்டக்கூடியது. கேள்வி ஒன்றாக இருக்கலாம், விடைகள் வேறு.

அளக்கும் வழியைத் திறந்தவர்தான் தொடக்கத்தில் சொன்ன பிரெஞ்சுக்காரர், குளோட் பெர்னார் (1813–1878). பாரிசில் அவர் செய்த சோதனைகளில் புகழ்பெற்றது 1855இன் கல்லீரல் சோதனை. அப்போதுதான் எடுத்த ஈரலின் இரத்தக் குழாய்க்குள் நீரைப் பாய்ச்சி, சர்க்கரை துளியும் இல்லாமல் கழுவினார். மறுநாள் பார்த்தால் அதே ஈரலில் சர்க்கரை மீண்டும் இருந்தது. உண்ட உணவிலிருந்து வருவது மட்டுமே சர்க்கரை என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று. உடலே சேமிக்கிறது, வேண்டும்போது எடுத்துத் தருகிறது. சேமிப்புப் பொருளான கிளைக்கோஜனையும் 1857இல் அவர் பிரித்தெடுத்தார். நம் உயிரணுக்கள் வாழ்வது வெளிக்காற்றில் அன்று, அவற்றைச் சூழ்ந்த உடல்நீரில். அந்த ‘அகச்சூழல்’ நிலையாக இருப்பதே உயிரின் சுதந்திரத்துக்கு அடிப்படை என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஹோமியோஸ்டாசிஸ் என்ற சொல் அவருடையது அன்று. ஹார்வர்டின் வால்டர் கேனன் 1926இல் ஆக்கியது. 1932இல் வந்த அவருடைய ‘உடலின் ஞானம்’ என்ற நூல் அதைப் பரப்பியது. கேனன் முதல் உலகப்போரில் பிரான்சின் போர்முனையில் காயம்பட்டு அதிர்ச்சியுற்ற வீரர்களை ஆராய்ந்தவர். சமநிலை குலைந்த உடலைக் கண்ணெதிரே பார்த்தவர்.

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1823இல். அப்போது பெர்னார் பத்து வயதுச் சிறுவன். பின்னாளில் அவர் எழுதிய மொழியே அந்தப் பள்ளியின் பாடமொழியாக இருந்தது.

தமிழ்வழி வேறு இடத்தில் திறந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1848 முதல் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணவர்களோடு சேர்ந்து ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1872இல் உடற்கூறு பற்றிய ‘மனுஷ அங்காதிபாதம்’ வந்தது, 1883இல் ‘மனுஷ சுகரணம்’. சுகரணம் என்றால் இன்று நாம் உடலியங்கியல் என்பது. இதன் மூலநூலை எழுதிய ஜான் கால் டால்ட்டன், பாரிசில் பெர்னாரிடம் பயின்ற அமெரிக்கர். ஆக, பெர்னாரின் பள்ளி பாரிசிலிருந்து நியூயார்க் போய், அங்கிருந்து ஈழம் வந்து தமிழ் பேசியது. நேர்வழியில் கடல் கடந்திருந்தால் அது வந்து சேர்ந்திருக்கும் இடம் புதுச்சேரிதான். ‘சுகரணம்’ என்ற சொல்லை நாம் கைவிட்டது இழப்புத்தான்.

1954இல் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தபின், 1956இல் அந்தப் பழைய பிரெஞ்சுப் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1964 ஜூலை 13 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தபோது அது ஜிப்மர் ஆகியிருந்தது. பாடமொழி பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிற்று. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற நிலையைப் பெற்றது. அதே ஆண்டில் யோகாவின் உடலியங்கியலை ஆராயும் மையம் ஒன்றும் அங்கே அமைந்தது.

உட்சமநிலை பற்றிய அறிவு பாடநூலோடு நிற்கவில்லை. அது ஏராளமான உயிர்களைக் காத்த ஓர் இடம் வயிற்றுப்போக்கு மருத்துவம். குடலில் குளுக்கோசும் சோடியமும் கைகோத்தே உள்ளே நுழைகின்றன, பின்னாலேயே நீரும் போகிறது. இந்தக் கைகோப்பை 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். 1971இல் வங்கதேச அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த காலரா இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. நம் வீட்டு நீராகாரத்திலும் நீர், உப்பு, சோற்றின் மாவுச்சத்து மூன்றும் உண்டு. வெயிலுக்கு அது நல்லது. உப்பின் அளவு கைக்குக் கை மாறுவதால் காலராவுக்கு அதை நம்பக் கூடாது. அந்த நோய் பழங்கதையும் அன்று: 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது.

இப்போது கடைகளில் கிடைக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படியான ஓஆர்எஸ் (வாய்வழி நீரேற்றக் கரைசல்) பொட்டலத்தில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். இது ஒரு லிட்டர் நீருக்கான அளவு. பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரித்து டம்ளரில் கரைக்காதீர்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கொட்டிக் கலக்கி, 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள்.